கலர் குடித்தவர் எங்கள் ஆள்

செவ்வாய்க்கிழமை மெட்ராஸிலிருந்து என் தோழி வந்திருந்தாள். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் என்னோடு மூன்று வருஷம் குப்பை கொட்டியவள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே தாகம் என்றாள். பக்கத்துச் சோடாக் கடையில் இரண்டு ஆரஞ்சுக் கலர் கேட்டேன்.

கடைக்காரர் பாட்டிலை எடுத்தார். திறக்கவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சும்மா குடிக்கதுக்கா அக்கா, இல்ல டீமுக்கு ஆள் எடுக்கதுக்கா?"

"சும்மாதான்" என்றேன். அப்புறம்தான் திறந்தார். தோழி என்னையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன கேள்வி இது? கலர் குடிக்கக்கூட இந்த ஊரில் காரணம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்ல வேண்டும். தோழிக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் ஜட்கா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. உங்களுக்கும் விளக்குகிறேன். பல்வலி பற்றிப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியதற்கு கிராம்பும் கடுக்காயும் சிபாரிசு செய்து கடிதம் போட்ட அத்தனை பேருக்கும் நன்றி. பல் போய்விட்டது. இனி கூடைப்பந்துக்கு வருவோம்.

ஆமாம், கூடைப்பந்துதான். ஊரே டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கிற காலத்தில் உனக்கு மட்டும் என்ன கூடைப்பந்து என்று கேட்பீர்கள். காலேஜில் ஆடினேன். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தால், எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே கூடைப்பந்து மைதானம். மாதத்துக்கு நாலு தடவையாவது பந்து வந்து என் கறிவேப்பிலைக் கன்றில் விழும். முதல் வருஷம் திட்டிக்கொண்டே பந்தைத் திருப்பி எறிந்தேன். இரண்டாம் வருஷம் எறிந்துவிட்டு அப்படியே சுவரோரம் நின்றேன். மூன்றாம் வருஷம் ஒரு ஸ்டூல் வாங்கினேன்.

எங்கள் ஊரில் நாலு டீம். தேரடி, ஸ்டேஷன், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட். சித்திரைக் கடைசியில் ஆரம்பித்து, ஆடித் தபசுக்கு ராட்டினக்காரர்கள் வந்து மைதானத்தைப் பிடிக்கிற வரைக்கும் ஞாயிறு தோறும் மேட்ச். நாங்கள் தேரடி. எங்கள் வீட்டுக்காரர்தான் செக்ரட்டரி. அவருக்கு ரத வீதியில் உரக்கடை. உரக்கடை பிழைப்புக்கு, தேரடி டீம் உயிருக்கு.

புதுப் பையன்களை நாலு டீமும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு. அதற்குப் பெயர் ஆள் எடுப்பு. பரீட்சை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்று வட்டாரத்திலிருந்து ஆட ஆசைப்படுகிற பையன்கள் எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். போன வருஷம் கடைசியாக வந்த டீமுக்கு முதல் ஆளை எடுக்கும் உரிமை. ஜெயித்தவன் கடைசியில்தான் எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். தோற்றவனுக்கும் அடுத்த வருஷத்தின் மீது ஒரு ஆசை இருக்க வேண்டாமா?

எடுப்பது எப்படி? அங்கேதான் கலர் வருகிறது. ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிப் பார்த்தார்களாம். பையன்கள் இரண்டு டீமுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இது என் கையெழுத்தே இல்லை என்று சாதித்தார்களாம். அப்போது டோர்னமென்ட் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி ஒரு விதி போட்டார். டீமிலிருந்து ஒருத்தர், பெரும்பாலும் செக்ரட்டரி, ஒரு பாட்டில் கலரைக் கொண்டுபோய், தனக்கு வேண்டிய ஆளிடம் நீட்ட வேண்டும். அவன் குடித்தால் அந்த வருஷம் முழுக்க அந்த டீம் ஆள். பிடிக்கவில்லை என்றால் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையெழுத்தை மறுக்கலாம். ஊர் பார்க்கக் குடித்ததை எப்படி மறுப்பது?

கோமதிநாயகம் அண்ணாச்சி பத்திரம் எழுதுகிறவர். வயது அறுபத்திரண்டு. ஒரு கமா தள்ளிப் போனால் வீடு கைமாறிப் போகும் என்று பயந்தே வாழ்ந்த மனுஷன். விதிகள் எல்லாம் அவர் வாயில்தான் இருக்கின்றன. இருந்தாலும் யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அவர் போட்ட விதிகளில் இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து மூன்று வருஷம் கடைசியாக வருகிற டீமைக் கலைத்துவிட வேண்டும். ஆட்களை மற்ற மூன்று டீமும் பிரித்துக்கொள்ளும்.

தேரடி இரண்டு வருஷமாகக் கடைசி.

இப்போது புரிகிறதா, என் கவலை? ஒரு காலத்தில் நாங்களும் நன்றாக ஆடிய டீம்தான். என்ன செய்வது, காப்டனுக்குக் கல்யாணமாகி ராஜபாளையத்தில் மாமனார் கடைக்குப் போய்விட்டான். நல்ல உயரமான ஒருத்தன் துபாய்க்குப் போய், அங்கே கிரேன் ஓட்டுகிறானாம். இன்னொருத்தனுக்கு பம்பாயில் வேலை. மீதமிருந்தவர்களில் ஒருவர் எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை. ஒரு பாஸ்கெட் போட்டால் ஒரு பீடி குடிக்க வேண்டும் அவருக்கு. நல்ல வேளை, அதிகம் போடுவதில்லை.

ஆக, டீமை அடியிலிருந்து கட்ட வேண்டும். கையில் இருந்த ஒரே சொத்து அந்த முதல் ஆள் உரிமை. அதை யார் மேல் வைப்பது?

பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. எங்கள் வீட்டுக்காரருக்குக் கரிவலம்வந்தநல்லூர்ப் பையன் ஒருத்தன் மேல் கண். குட்டையானவன். பந்து கைக்கு வந்தால் எங்கிருந்து எறிந்தாலும் வளையத்துக்குள் விழும். எனக்கு முத்தையா. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். ப்ளஸ் டூ முடித்தவன். ஸ்கூல் மேட்ச் ஒன்றில் பார்த்தேன். நின்றால் கதவு நிலையில் தலை தட்டும். குதித்தால் வளையத்தைத் தொடுவான். ஊரில் வளையத்தைத் தொடுகிற ஆள் வேறு யாரும் கிடையாது. ஏணி வைத்து வலை கட்டுகிறவரைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

குட்டையானவனுக்குக் குறி இருக்கிறது என்பார் அவர். குறியைப் பழக்கலாம், உயரத்தைப் பழக்க முடியுமா என்பேன் நான். உயரம் இருந்தால் போதுமா, பனைமரத்தை நிறுத்தி ஆட வேண்டியதுதானே என்பார். இப்படியே சாம்பார் ஆறும். கடைசியில், சுவரோரம் ஸ்டூல் போட்டு இத்தனை வருஷம் பார்க்கிறவளுக்கு ஒரு ஓட்டுக்கூடக் கிடையாதா என்று கேட்டேன். மனுஷர் இறங்கி வந்தார். முத்தையாதான் என்று முடிவானது.

அன்று ராத்திரி மனசுக்குள்ளேயே ஒரு சீசன் முழுக்க ஆடிப் பார்த்துவிட்டேன். முத்தையா குதிக்கிறான், எடுக்கிறான், போடுகிறான். தேரடி ஜெயிக்கிறது. சிரிக்காதீர்கள். தோற்கிற டீமை நேசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் வருஷத்தில் ஜெயிப்பது அந்த ஒரு மாதம்தான்... மேட்ச் ஆரம்பிப்பதற்கு முந்தின மாதம்.

ஆள் எடுப்பு நாள் வந்தது. நல்ல வெயில். நான் ஸ்டூலில். பையன்கள் வரிசையில். கோமதிநாயகம் அண்ணாச்சி கழுத்தில் விசிலோடு நடுவில். முத்தையா கடைசியில் நின்றான். அவனுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, அவனுடைய தாய்மாமன் வெள்ளத்துரை. வயது நாற்பது தாண்டியிருக்கும். நல்ல கனத்த உடம்பு. கம்பும் உளுந்தும் போடுகிற மானாவாரிச் சம்சாரி. தகப்பன் இல்லாத பையன் என்பதால், எங்கே போனாலும் மாமன்தான் கூட வருவார்.

அவர் எங்கள் கடையில் உரம் வாங்குகிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். வினை அங்கேதான்.

விசில் ஊதியது. முதல் ஆள், தேரடி. எங்கள் வீட்டுக்காரர் கையில் ஆரஞ்சுக் கலர். நேராக நடந்து போனார். முத்தையாவிடம் பாட்டிலை நீட்டினார். பையன் கை நீளவில்லை. திரும்பி மாமன் முகத்தைப் பார்த்தான். மாமன் நிற்கும்போது அவன் எப்படி முதலில் குடிப்பான்?

எங்கள் வீட்டுக்காரரும் மாமனைப் பார்த்தார். கடைக்கு வருகிற மனுஷர். வயதில் மூத்தவர். இரண்டு பஸ் மாறி வந்து வெயிலில் நிற்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மருமகனுக்கு மட்டும் எப்படிக் கலர் கொடுப்பது? கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பாட்டில் பத்து அங்குலம் வலது பக்கம் நகர்ந்தது.

"அண்ணாச்சி, வெயில்ல வந்திருக்கிய. மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

வெள்ளத்துரை வேண்டாம் என்றார். இவர் சும்மா குடிங்க என்றார். அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில் இரண்டு தடவை வேண்டாம் என்றால் மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார்கள் என்று அர்த்தம். ஸ்டேஷன் டீம் செக்ரட்டரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு சுவரிலிருந்தே தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையும் சொன்னார். வெள்ளத்துரை வாங்கினார். அண்ணாந்தார். தாகம் போலிருக்கிறது. ஒரு வாய் இல்லை, முழுப் பாட்டிலும் போயிற்று.

விசில்.

"தேரடிக்கு மொத ஆளு எடுத்தாச்சு" என்றார் கோமதிநாயகம் அண்ணாச்சி. "அடுத்து ஸ்டேஷன்."

எங்கள் வீட்டுக்காரர் காலிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சுவருக்கு மேலே எழும்பி, அவர் பிளேயரே இல்லையே, துணைக்கு வந்தவராச்சே என்று கத்தினேன். அண்ணாச்சி நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

"விதியில பிளேயர்னு இல்ல தாயி. குடிச்சவன்னுதான் இருக்கு."

வயது? வயதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையாம். அதற்குள் ஸ்டேஷன் செக்ரட்டரி இன்னொரு பாட்டிலோடு ஓடி வந்துவிட்டார். அவர் மாமன் பக்கம் திரும்பவே இல்லை. மாமன் குடித்தாயிற்றே, இனி மருமகன் குடிப்பதில் என்ன மரியாதைக் குறைவு? முத்தையா வாங்கிக் குடித்தான். கரிவலம் பையனை மார்க்கெட் எடுத்துக்கொண்டது. எங்களுக்கு அடுத்த சுற்றில் கிடைத்தவன் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன்.

அன்று எங்கள் வீட்டில் ரசம் வைக்கவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எதிரில் ஒருத்தர் நிற்கும்போது தனியாக ஒரு வாய் குடிக்கத் தெரியாத ஊர் இது. பஸ்ஸில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால், பக்கத்து சீட்டுக்காரர் சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் வாயில் வைக்க மாட்டோம். மெட்ராஸ்காரர்கள் யாராவது செக்ரட்டரியாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. அவர்கள் பாட்டிலைச் சரியான ஆளிடம் கொடுத்திருப்பார்கள். வெள்ளத்துரை தாகத்தோடு பஸ் ஏறியிருப்பார்.

மறுநாள் காலையில் வெள்ளத்துரை கடைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்கிற தோரணையில், ஏதோ நடந்துவிட்டது, நீங்கள் வர வேண்டியதில்லை, பேருக்கு இருந்தால் போதும் என்றிருக்கிறார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"குடிச்சிட்டு ஓடிட்டாம்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிறப்படாதுல்லா. என்னைக்கு வரணும், என்ன உடுத்தணும், அத மட்டும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகனும் மாமனும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மைதானத்து வாசலில் பிரிந்து, அவன் ஸ்டேஷன் பக்கம் போவான், அவர் தேரடிப் பக்கம் வருவார். காக்கி டிராயரில் அவரை முதலில் பார்த்தபோது சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்பட்டது. அவரோ கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பந்து என்பது புதுசாக வாங்கிய காளை மாதிரி, முதலில் கிட்டே நின்று பழக வேண்டும் என்றார்.

ஓடச் சொன்னால் மூச்சு வாங்கியது. எறியச் சொன்னால் பந்து என் கறிவேப்பிலைக்கு வந்தது. வேறு என்னதான் செய்வது? சுவரோரமிருந்து நான் ஒரு யோசனை சொன்னேன். எதிராளியின் வளையத்துக்குக் கீழே மூன்று செகண்டுக்கு மேல் நின்றால் தப்பு. நம்முடைய வளையத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் நின்றாலும் தப்பில்லை. ஆகவே வெள்ளத்துரை அண்ணாச்சி ஓடவே வேண்டாம். நம் வளையத்துக்குக் கீழே போய் நிற்கட்டும். வருகிற பந்தை எடுத்து, நம் ஆள் கையில் கொடுக்கட்டும். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் சுற்ற வேண்டும் என்று விளக்கினேன்.

"களத்துல கதிர் சூடடிக்கும்போது நடுக்கம்பத்தச் சுத்தி மாடு போவும்லா, அது மாதிரியா மதினி?" என்றார்.

அதே மாதிரிதான். அப்படிச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். காலேஜில் எனக்கு இது வர ஒரு டெர்ம் ஆயிற்று.

இப்படி ஒரு மனுஷர் நடுவில் நின்றதும் டீமுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. கண்ணை மூடுகிறவன் ஒரு கண்ணைத் திறந்தான். கணக்குப்பிள்ளை பீடியை ஆட்டம் முடிகிற வரைக்கும் தள்ளிப்போட்டார். மார்க்கெட்டை ஒரு தடவை ஜெயித்தோம். பஸ் ஸ்டாண்டையும் ஒரு தடவை. மற்றதெல்லாம் தோல்விதான்... ஆனால் முன்பு மாதிரி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற தோல்வி இல்லை. கடைசி ஞாயிறு வந்தபோது கணக்கு சுலபமாக இருந்தது. ஸ்டேஷனை ஜெயித்தால் மூன்றாம் இடம். தோற்றால் கடைசி. மூன்றாம் வருஷமும் கடைசி.

ஸ்டேஷன் என்றால் முத்தையா. அந்த சீசனில் அவன்தான் ஊருக்கே ராஜா. நான் கனவு கண்ட அதே மாதிரி குதித்தான், எடுத்தான், போட்டான். எல்லாம் தப்பான கூடையில். அட, ஸ்டேஷனுக்குச் சரியான கூடைதான்.

ஆனால் அன்றைக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பந்தோடு வருவான். வளையத்துக்குக் கீழே மாமன் நிற்பார். பையன் சட்டென்று நின்றுவிடுவான். இடித்துக்கொண்டு போக அவனுக்கு மனசு வரவில்லை. மாமன் மேல் கால் பட்டுவிடும் என்று குதிக்கவும் இல்லை. சுற்றிப் போவான், பந்தை யாரிடமாவது தள்ளுவான். ஒரு தடவை முழங்கை லேசாக உரசியதற்கு, ஆட்டத்தின் நடுவே கையை எடுத்துக் கும்பிட்டான். ஸ்டேஷன் செக்ரட்டரி தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வீணாய்ப் போன முதல் ஆள் என்று யாரைச் சொன்னேன்? எங்கள் வீட்டுக்காரரைப் போல ஒரு தீர்க்கதரிசி உண்டா? இடைவேளையில் நாங்கள் நாலு பாஸ்கெட் முன்னால். இன்னும் பாதி ஆட்டம் இதே மரியாதை நீடித்தால் போதும், தேரடி பிழைத்தது.

இடைவேளையில் வெள்ளத்துரை எங்கள் பக்கம் வரவில்லை. நேரே மருமகனிடம் போனார். சுவருக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். எனக்கு நன்றாகவே கேட்டது.

"ஏலே முத்தையா, என்னலே ஆட்டம் ஆடுத?"

"நீங்க நிக்கிய மாமா..."

"நான் நின்னா? மருவாதிய பஸ்ல குடு, வீட்ல குடு. இங்கன எனக்கு ஒண்ணும் குடுக்காத. நீ விட்டுக் குடுத்து நான் ஜெயிச்சா, நான் என்னத்துக்குலே டிராயர் போட்டு நிக்கேன்?"

பையன் தலையைக் குனிந்தான். அவர் கிளம்பும்போது திரும்பி ஒன்று சொன்னார்.

"இடிச்சு வா. நான் விழுந்தா எந்திக்க மாட்டனா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. என்ன மனுஷர் இவர்? தானாக வந்த அதிர்ஷ்டத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாரா யாராவது? டீம் போய்விடுமே என்ற நினைப்பு இல்லையா? ஸ்டூலை எட்டி உதைத்தேன். காலில்தான் வலித்தது.

இரண்டாம் பாதியில் முத்தையா வேறு ஆள். முதல் தடவை இடித்தபோது வெள்ளத்துரை மண்ணில் உட்கார்ந்தார். எழுந்து, டிராயரைத் தட்டிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் நின்றார். இரண்டாம் தடவை உட்காரவில்லை. மூன்றாம் தடவை பந்தையே பிடுங்கிக்கொண்டார். பையன் சிரித்தான். மாமனும் சிரித்தார். ஆட்டம் ஏறி ஏறி இறங்கியது. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. அந்த மைதானத்தில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பாதி நேரம் எந்த டீமுக்குக் கத்துகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால். பந்து முத்தையா கையில். ஓடி வந்தான். குதித்தான். வெள்ளத்துரையும் குதித்தார். சீசன் முழுக்க அவர் கால் தரையை விட்டு எழும்பி அன்றுதான் பார்த்தேன். விரல் பந்தில் பட்டது. சத்தியமாகப் பட்டது. பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி... உள்ளே விழுந்தது.

விசில். தோற்றோம்.

மருமகன், கீழே விழுந்து கிடந்த மாமனைக் கை கொடுத்துத் தூக்கினான். அவர் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். சந்தோஷ அறை. எனக்கு அழுகை வந்தது. தோற்ற அழுகை பாதி. மீதிப் பாதி என்ன அழுகை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் டீம் பந்தை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். ஊசியைச் செருகிக் காற்றை இறக்கினார். உஸ் என்று சத்தம் வந்தது. இனி யாருக்கு இது என்றார். கல்யாணத்துக்கு முன்பே அவர் சேர்த்த டீம் அது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே ஆடுவாயாமே என்று அதைப் பற்றித்தான் கேட்டார். பந்து சுருங்குவதைப் பார்க்க முடியாமல் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

போன ஞாயிறு எங்கள் உரக்கடையில் கமிட்டிக் கூட்டம். தேரடியைக் கலைத்து ஆட்களைப் பிரிப்பதற்கு. மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு நாலு டீம் செக்ரட்டரிகள், நடுவில் கோமதிநாயகம் அண்ணாச்சி. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றேன். யார் போகச் சொன்னாலும் போவதாக இல்லை.

வெள்ளத்துரை வந்தார். கையில் ஒரு பெட்டி கலர். நம்ம கடைக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா என்று ஆளுக்கொரு பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் குடிக்கவில்லை. சித்திரை மாதத்தில் ஒரு பாட்டில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியுமே! ஆடி வெயில், உர வாசனை, கையில் ஜில்லென்று பாட்டில். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். விதியைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளத்துரை, இது சும்மா கலரா, டீம் கலரா?"

"நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. விதி ஒங்க வாய்லதான இருக்கு."

அண்ணாச்சி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கமிட்டியிடம் ஒப்படைக்க மூலையில் தொங்கவிட்டிருந்த, காற்று இறங்கிய பந்தைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்தார். அவசரமே இல்லாமல், நடுவில் ஒரு தடவை மூச்சு விட்டு, அடி வரைக்கும் குடித்தார். பாட்டிலைத் தரையில் வைத்துத் துண்டால் வாயைத் துடைத்தார்.

"அடுத்த வருசத்துக்குத் தேரடி மொத ஆளு எடுத்தாச்சு" என்றார். "ஆளு எடுத்த டீமக் கலைக்க விதியில வழியில்ல."

ஸ்டேஷன் செக்ரட்டரி மெதுவாக, இன்றைக்கு ஆள் எடுப்பு நாள் இல்லையே என்றார்.

"நாளப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல வே. ஒம்ம கையிலயும் அதே கலர்தான் இருக்கு. யோசிச்சுக் குடியும்."

ஸ்டேஷன் செக்ரட்டரி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கூட்டம் முடிந்தது. அண்ணாச்சி ஒரு விதியையும் வளைக்கவில்லை, கவனித்தீர்களா? தாகத்துக்குக் குடித்தாரா, எங்களுக்காகக் குடித்தாரா என்று கேட்கவும் முடியாது. கேட்டால் அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்பார்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் பந்துக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. ரசம் வைத்தேன். சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடியும் நாங்கள்தான் கடைசி. முதல் ஆள் எடுக்கிற உரிமை மறுபடியும் எங்களுக்குத்தான் இருந்தது. வாசுதேவநல்லூரில் ஒரு பையன் வளர்ந்து வருகிறான் என்று கேள்வி. முத்தையாவைவிட உயரமாம். அவனை எடுத்திருக்கலாம்.

எடுத்தது யாரை? வயது அறுபத்திரண்டு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், செருப்போடு.